வட்டமும் வீட்டு எண்ணும்: நகரியத்துக்கு மென்பொருள் வாங்குவோருக்கு

நெய்வேலியில் விலாசம் கேட்டால் முதலில் வருவது வட்டம். பதினாறாவது வட்டம் என்று சொன்னால் போதும், ஆட்டோ அந்தப் பக்கம் திரும்பிவிடும். தெருப் பெயரெல்லாம் அப்புறம்தான். 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் தொடங்கியது, 1957 மே 20-ல் நேரு சுரங்கப் பணியைத் துவக்கிவைத்தார். பழுப்பு நிலக்கரிக்காகவே தாளில் வரைந்து கட்டிய ஊர் இது. வீடுகளுக்கு ஆள் வருமுன்னே எண் வந்துவிட்டது. இப்படிப்பட்ட ஊரின் கட்டடங்களையும் குழாய்களையும் கவனிக்கத் தரவுதளமும் வரைபட மென்பொருளும் வாங்கப் போகிறவர்களுக்கு, இந்த வேலையில் கொஞ்சம் அடிபட்டவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

செய்ய வேண்டியவை

மென்பொருளைத் தேடும் முன் வீட்டுப் பட்டியலை ஒழுங்கு செய்யுங்கள். கட்டடம் வேறு, வீடு வேறு, குடியிருப்பவர் வேறு. நாலு குவார்ட்டர்ஸுக்கு ஒரே கூரை இருக்கும். கூரை ஒழுகினால் அது கட்டடத்தின் புகார். குழாய் சொட்டினால் வீட்டின் புகார். அலாட்மென்ட் ஆணையோ ஆளுக்குரியது. அவர் ஓய்வுபெற்றதும் முடிந்துபோவது. இந்த மூன்றையும் ஒரே எக்செல் வரிசையில் திணித்தால், ஆள் மாறும்போதெல்லாம் அந்த வீட்டின் பழுதுக் கதை அழிந்துவிடும். தனித்தனி அட்டவணைகளாக வைத்து எண்களால் இணையுங்கள். எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் இந்த வேலையை உங்களுக்காக அவர்கள் செய்யப்போவதில்லை.

‘வட்டம்’ என்ற சொல்லுக்குத் தனிக் கட்டம் ஒதுக்குங்கள். நெய்வேலிக்காரருக்கு அது பிளாக். மற்ற ஊர்களிலும் வருவாய்த் துறையிலும் அது தாலுகா. வெளியூர் நிறுவனம் செய்து தரும் படிவத்தில் ‘வட்டம்’ என்றிருந்தால் நம் எழுத்தர் 28 என்று போடுவார். அரசு இணையதளம் தாலுகா பெயரை எதிர்பார்த்து அதைத் திருப்பி அனுப்பும்.

வால்வு திறப்பவரோடு நடங்கள். பழைய குழாய் எந்த மரத்தடியில் வளைகிறது என்பது பல ஊர்களில் வரைபடத்தில் இருக்காது, முப்பது வருடம் வால்வு திருகியவர் தலைக்குள் இருக்கும். அவர் ஓய்வுபெறும் முன் ஒவ்வொரு மூடியையும் குறித்துக்கொள்ளுங்கள். கைப்பேசி ஜி.பி.எஸ். நாலைந்து மீட்டர் தவறு காட்டும். வீட்டைக் குறிக்க அது போதும். வால்வைத் தோண்டி எடுக்கப் போதாது. பக்கத்துச் சுவரின் இரண்டு மூலைகளிலிருந்து டேப் பிடித்து அளந்த தூரத்தையும் சேர்த்து எழுதிவையுங்கள். நான் பார்த்ததிலேயே நம்பகமான முறை இதுதான். செலவும் ஒரு டேப்தான்.

புயல் நாளை நினைத்துத் தேர்ந்தெடுங்கள். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரை கடந்தபோது கடலூர் மாவட்டத்தில் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தன. அப்படியொரு காலையில் மின்சாரமும் இருக்காது, இணையமும் இருக்காது. எந்தக் கூரைமேல் மரம் கிடக்கிறது என்பதைக் களத்தில் நின்றே பதிய வேண்டும். அதனால் இணையம் இல்லாமல் இயங்கும் செயலியாகப் பாருங்கள். கியூஃபீல்ட் அப்படிப்பட்டது, இலவசமும்கூட. கூடவே வட்டவாரியாக அச்சிட்ட வரைபடம் ஒரு கட்டு அலமாரியில் இருக்கட்டும்.

இடித்த கட்டடத்துக்கும் பதிவு வேண்டும். 1962-ல் மின்சாரம் தரத் தொடங்கிய நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையமே 2020-ல் ஓய்ந்துவிட்டது. வீடுகளுக்கு மட்டும் நிரந்தர ஆயுள் ஏது? இடித்ததும் வரிசையை அழித்துவிடாமல் ‘முடிவுத் தேதி’ போடுங்கள். அடியில் போன குழாயும் கேபிளும் அங்கேயேதான் இருக்கும்.

செய்யக்கூடாதவை

டெமோவைப் பார்த்து மயங்காதீர்கள். விற்க வருபவர் கொண்டுவரும் மாதிரி ஊரில் எல்லா வீட்டுக்கும் எண் இருக்கும், எல்லாப் பெயரும் ஒரே எழுத்துக்கூட்டலில் இருக்கும். உங்கள் பதிவேட்டிலேயே மோசமான இருநூறு வரிகளை எடுத்துக் கொடுத்து, அவற்றை வைத்து டெமோ காட்டச் சொல்லுங்கள். பக்கத்து ஊரான மந்தாரக்குப்பத்தை ‘மந்தாரகுப்பம்’ என்று தேடிப் பாருங்கள். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கடிதங்களை யூனிகோடுக்கு மாற்றுவது யார் பொறுப்பு என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

ஆட்டோகேட் படத்தைத் தரவுதளம் என்று நம்பாதீர்கள். கோட்டுக்குத் தான் சுவரா சாக்கடையா என்று தெரியாது.

அட்சரேகையையும் தீர்க்கரேகையையும் மாற்றிப் போடாதீர்கள். சிரிக்காதீர்கள், இது வாராவாரம் நடப்பது. நெய்வேலி ஏறக்குறைய 11.5 வடக்கு, 79.5 கிழக்கு. மாற்றிப் போட்டால் உங்கள் குவார்ட்டர்ஸ் ஆர்க்டிக்கில், நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில் போய் நிற்கும். அங்கிருந்து தெற்கே அறுபது கிலோமீட்டர் சொச்சத்தில் நீ-ஓலெசுண்ட் என்ற ஊர். அதுவும் ஒரு காலத்தில் நிலக்கரிச் சுரங்க ஊர்தான், இப்போது அங்கே இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் இருக்கிறது. இந்தப் பிழையாவது பார்த்ததும் தெரிந்துவிடும். எவரெஸ்ட் அளவுமுறையில் வரைந்த பழைய சர்வே வரைபடத்தை இன்றைய ஜி.பி.எஸ். முறையோடு மாற்றாமல் ஒட்டினால் நூறு மீட்டருக்கு மேல் விலகி நிற்கும். பக்கத்துத் தெரு வீடு உங்கள் வீடாகத் தெரியும்.

எல்லாவற்றையும் ஷேப்ஃபைலில் சேமிக்காதீர்கள். அதில் கட்டத் தலைப்புக்குப் பத்து பைட்தான் இடம். யூனிகோடில் தமிழ்க் குறி ஒன்று மூன்று பைட் பிடிக்கும். ‘வட்டம்’ என்று தலைப்பு வைத்தால் ‘வட்’ மட்டும் மிஞ்சும். கொடுக்கல் வாங்கலுக்கு வைத்துக்கொள்ளலாம். சேமிப்புக்குப் போஸ்ட்கிரெஸ்ஸும் போஸ்ட்ஜிஸ்ஸும், பார்க்க கியூஜிஸ்ஸும் போதும் என்பது என் கட்சி. மூன்றுக்கும் உரிமக் கட்டணம் கிடையாது. அதற்காகச் செலவே இல்லை என்று மேலதிகாரியிடம் சொல்லிவிடாதீர்கள். மிச்சமாகும் பணத்தில் இரண்டு பேரை உட்காரவைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும். அந்த இரண்டு பேரையும் அடுத்த மாதமே வேறு பிரிவுக்கு மாற்றாமலும் இருக்க வேண்டும். இரண்டாவதுதான் கஷ்டம். ஆள் நிலைக்காத அலுவலகம் என்றால் ஆர்க்ஜிஸ் போன்றதை ஆதரவு ஒப்பந்தத்தோடு வாங்குவதில் தப்பில்லை.

தரவைத் திரும்ப எடுக்கும் வழி தெரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள். நான் வேலை பார்த்த ஒரு குடியிருப்பில் பராமரிப்பு ஒப்பந்தம் முடிந்த அன்றே திரை பூட்டிக்கொண்டது. ஆறு வருடப் புகார்ப் பதிவை நோட்டுப் புத்தகங்களிலிருந்து மறுபடி அடித்தோம். ‘முழுத் தரவும், இணைப்பு எண்களோடு, பொது வடிவில், எப்போது கேட்டாலும்’ என்ற ஒரு வரியை டெண்டரில் சேர்த்திருந்தால் அந்த வேலை மிச்சமாகியிருக்கும்.

காலி வீடுகளைப் பொதுப் பார்வைக்கான வரைபடத்தில் வண்ணம் போட்டுக் காட்டாதீர்கள். அலாட்மென்ட் பிரிவுக்கு அந்த நிறம் வசதிதான். ராத்திரியில் செம்புக் கம்பி உருவ வருகிறவனுக்கு அது இன்னும் வசதி.