இடக்கைக்கு ஓர் எழுத்துப் பயிற்சி

போர்களைப் பற்றிப் பாடம் நடத்தும்போது காரணங்கள், நிகழ்வுகள், விளைவுகள் என்று கரும்பலகையில் மூன்று தலைப்புகள் எழுதுகிறோம். விளைவுகளின் கீழ் இறந்தவர்களின் எண்ணிக்கை வரும். கை கால் இழந்து உயிரோடு திரும்பியவர்கள் அதன்பின் எப்படிப் பிழைத்தார்கள் என்பது பெரும்பாலும் வருவதில்லை. அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) போரிட்ட அயர்லாந்துக்காரர்களைப் பற்றிப் படித்தபோது, இந்தக் கேள்வி நம் ஆசிரியப் பணியோடு நேரடியாகத் தொடர்புடையது என்று உணர்ந்தேன்.

யார் இவர்கள்?

1845இல் அயர்லாந்தில் உருளைக்கிழங்குப் பயிரை நோய் தாக்கியது. தொடர்ந்து வந்த பஞ்சத்தில் சுமார் 10 லட்சம் பேர் இறந்தனர். அதற்கும் மேற்பட்டோர் கப்பலேறினர். நியூயார்க், பாஸ்டன் போன்ற நகரங்களில் இறங்கியவர்களுக்குத் துறைமுகத்தில் மூட்டை தூக்குவது, கால்வாய் வெட்டுவது, இருப்புப்பாதை போடுவது போன்ற வேலைகளே கிடைத்தன. போர் மூண்டபோது வட மாநிலப் படையில் அயர்லாந்தில் பிறந்த சுமார் ஒன்றரை லட்சம் பேர் சேர்ந்தனர்.

1862 டிசம்பர் 13 அன்று வர்ஜீனியாவின் பிரெடரிக்ஸ்பர்க் நகரில், ‘ஐரிஷ் பிரிகேட்’ என்ற படைப்பிரிவின் சுமார் 1,200 பேர் ஒரு மேட்டை நோக்கி முன்னேறினர். அவர்களில் 500க்கும் மேற்பட்டோர் இறந்தோ காயமுற்றோ வீழ்ந்தனர். அக்காலத்து ஈயக் குண்டு எலும்பை நொறுக்கிவிடும். சீழ் பிடித்து உயிர் போவதைத் தடுக்க, மருத்துவர்கள் அந்த உறுப்பையே வெட்டி எடுத்தனர். வட மாநிலப் படையில் மட்டும் இப்படிச் சுமார் 30,000 அறுவைகள் நடந்தன. அவர்களில் நான்கில் மூவர் பிழைத்தனர்.

கிடைத்த உதவிகள்

1862 முதல் செயற்கைக் காலுக்கு 75 டாலர், கைக்கு 50 டாலர் என அரசு வழங்கியது. உழைக்கும் திறனை முழுவதும் இழந்த சாதாரணச் சிப்பாய்க்கு மாதம் 8 டாலர் ஓய்வூதியம் கிடைத்தது. 1866இல் ஒரு கையோ ஒரு பாதமோ இழந்தவருக்கு அது 15 டாலராக உயர்ந்தது. முன்னாள் வீரர்களுக்கான இல்லங்களும் தொடங்கப்பட்டன. அவற்றில் தங்கியவர்களில் அயர்லாந்துக்காரர்கள் கணிசமாக இருந்தனர்.

காவல் போன்ற இலகுவான பணிகளுக்காக 1863இல் ‘ஊனமுற்றோர் படை’ ஒன்றும் அமைக்கப்பட்டது. அதன் ஆங்கிலப் பெயரின் இரண்டு முதலெழுத்துகளும், கெட்டுப்போன சரக்கின்மேல் ‘சோதித்துக் கழிக்கப்பட்டது’ என்று குத்தும் முத்திரையின் எழுத்துகளும் ஒன்றாக இருந்தன. வீரர்கள் கேலிக்கு ஆளாயினர். மறு ஆண்டே பெயர் மாற்றப்பட்டது.

மரக்கால் நடக்க உதவியது. அக்காலத்துச் செயற்கைக் கையால் அதிகம் செய்ய இயலவில்லை. மூட்டை தூக்கிப் பிழைத்தவருக்கு வலக்கை போனால் பிழைப்பே போனதுபோலத்தான்.

ஒரு கையெழுத்துப் போட்டி

நியூயார்க் இராணுவ மருத்துவமனையில் காயமுற்றோருக்குப் பணிவிடை செய்துவந்த வில்லியம் ஓலண்ட் போர்ன் என்பவர், வீரர்களுக்காக ஒரு பத்திரிகையும் நடத்தினார். 1865இல் அதில் ஓர் அறிவிப்பு வந்தது: போரில் வலக்கையை இழந்தவர்கள் இடக்கையால் எழுதி அனுப்ப வேண்டும்; சிறந்த கையெழுத்துக்கு முதல் பரிசு 200 டாலர். தட்டச்சுப் பொறி விற்பனைக்கு வராத காலம் அது. நல்ல கையெழுத்து இருந்தால் அலுவலகத்தில் எழுத்தர் வேலை கிடைக்கும். அந்த வேலைக்கு வீரர்களைத் தயார்ப்படுத்துவதே போட்டியின் நோக்கம். இரண்டு முறை நடந்த போட்டியில் சுமார் 400 பேர் எழுதினர். அயர்லாந்தில் பிறந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். அந்தத் தாள்கள் மக்கள் பார்வைக்கும் வைக்கப்பட்டன.

ஆனால் இந்தப் போட்டியில் யார் கலந்துகொள்ள முடியும்? ஏற்கெனவே எழுதத் தெரிந்தவர் மட்டுமே. 1841 கணக்கெடுப்பின்படி அயர்லாந்தில் ஐந்து வயதுக்கு மேற்பட்டோரில் 53 சதவீதத்தினர் எழுத்தறியாதவர்கள். 1831இல் அரசு உதவியுடன் தேசியப் பள்ளிகள் தொடங்கப்பட்டிருந்தன. 1861இல் அந்த அளவு 39 சதவீதமாகக் குறைந்தது. பள்ளிக்குப் போனவருக்குக் கை போன பிறகும் எழுத்து மிஞ்சியது. போகாதவரோ ஓய்வூதிய மனுவிலும் பெருக்கல் குறிதான் போட்டார். அயர்லாந்துக் கிராமத்தில் பலகையில் எழுதப் பழக்கிய ஆசிரியருக்கு, அந்தப் பாடம் கடல் கடந்து இப்படி ஒரு நாள் சோறு போடும் என்று தெரிந்திருக்காது.

வகுப்பறையில்

எட்டாம் வகுப்பில் இதைச் சொன்னபின், வழக்கமாக எழுதாத கையால் ஐந்து வரிகள் எழுதச் சொன்னேன். முதல் வரியில் சிரிப்பு. மூன்றாம் வரியில் வகுப்பு அமைதியானது. பலருக்கு விரல் வலித்தது. ‘ழ’வும் ‘ஞ’வும் படுத்தின. தொடர்ந்து பத்து நாள், நாளுக்கு ஐந்து வரி எழுதினார்கள். முதல் நாள் தாளையும் பத்தாம் நாள் தாளையும் அவரவரே பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். பிறர் தாளோடு ஒப்பிடவில்லை, மதிப்பெண்ணும் இல்லை.

அதன்பின் இந்த வினாக்களைக் கலந்துரையாடலாம்:

1. செயற்கை உறுப்பு, ஓய்வூதியம், வேலை: மூன்றில் எது இல்லாவிட்டால் மற்றவை பயன்படாமல் போகும்?

2. ஒரு படையின் பெயரை மாற்றியதால் வீரர்களுக்கு என்ன கிடைத்தது? நம் பள்ளியில் மாற்றவேண்டிய பட்டப்பெயர்கள் உண்டா?

3. எழுதத் தெரியாத வீரருக்கு நீங்கள் என்ன ஏற்பாடு செய்திருப்பீர்கள்?

மூன்றாவது வினாவுக்கு என் வகுப்பில் ஒரு மாணவி சொன்ன விடை: “போட்டி வைக்குறதுக்கு முன்னாடி, ஆஸ்பத்திரியிலயே ஒரு பள்ளிக்கூடம் வச்சிருப்பேன் டீச்சர்.”