நூலகர் என்னும் வழிகாட்டி

அலமாரி நிறைய நூல்கள் இருந்தும், எடுத்துப் படிப்பார் இல்லையெனில் யாருக்கு என்ன பயன்? நூலையும் வாசகரையும் ஒன்று சேர்ப்பவரே நூலகர். இப்பணியின் பெருமையை உலகிற்கு உணர்த்தியவர் ஒரு தமிழர் என்பதில் நாம் பெருமிதம் கொள்கிறோம்.

அவர் 1892இல் சீர்காழியில் பிறந்த சீ. இரா. அரங்கநாதன். கணித ஆசிரியராக இருந்த அவர், 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகரானார். அங்கு நிலவிய தனிமையைப் பொறாது, சில நாள்களிலேயே வகுப்பறைக்குத் திரும்ப விழைந்தார். பின்னர்ப் பயிற்சிக்காக இங்கிலாந்து சென்றார். அங்கே தொழிலாளரும் சிறுவரும் பொது நூலகங்களால் பயன்பெறுவதைக் கண்டு மனம் மாறினார்.

நூல்கள் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுவதற்கே என்பதை 1931இல் வெளியிட்ட தம் ஐந்து விதிகளுள் முதலாவதாக வைத்தார். அவ்வாண்டிலேயே மன்னார்குடி வட்டாரச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. நூலகத்திற்கு வர இயலாதவரை நூலகமே நாடிச் சென்றது!

விடியுமுன் தோட்ட வேலைக்குச் செல்லும் பெற்றோர்களே! வீட்டில் நூல் இல்லையே என வருந்த வேண்டா. பிள்ளைகள் பள்ளி நூலகத்திலிருந்து நூல் கொண்டு வரட்டும்; இரவில் உரக்கப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அன்று உங்கள் இல்லமும் நூலகமாகும்.