காற்றுள்ளபோதே மெஷினை ஓட்டலாமா?

சின்னதா ஒரு தொழிற்கூடம் நடத்துறீங்களா? அப்ப இந்த மாத மின் ரசீதைக் கையில் எடுத்துக்கிட்டு இதைப் படிங்க.

நம் மாநிலத்தில் மே முதல் செப்டம்பர் வரை காற்று சீசன். பாலக்காட்டுக் கணவாயிலும் ஆரல்வாய்மொழிப் பக்கமும் காற்றாலைகள் சுழன்று தள்ளும். ஆடி போனா காத்து மெல்ல இறங்கும். சூரிய மின்சாரமோ நண்பகலில் உச்சம், சாயங்காலம் 6 மணிக்கு மேல் பூஜ்யம். அதே நேரத்தில்தான் வீட்டுக்கு வீடு விளக்கும் ஃபேனும் போடுறாங்க. மின்சாரத்தை நெல்லு மாதிரி குதிரில் கொட்டி வைக்க முடியாது; பேட்டரிக்குச் செலவு அதிகம். அதனால் உற்பத்தி கூடும்போது பயன்பாட்டைக் கூட்டி, குறையும்போது குறைத்தால் எல்லாருக்கும் லாபம்.

இதற்காகத்தான் நேரத்துக்கு ஏற்ற கட்டணம். தமிழ்நாட்டில் உயரழுத்தத் தொழிற்சாலைகளுக்குக் காலையிலும் மாலையிலும் உச்சநேரத்தில் 25 சதவீதம் கூடுதல்; இரவு 10 முதல் காலை 5 வரை 5 சதவீதம் தள்ளுபடி. 2023-இல் திருத்தப்பட்ட மத்திய அரசின் நுகர்வோர் உரிமை விதிகள், சூரிய ஒளி நேரத்தில் கட்டணம் குறைந்தது 20 சதவீதமாவது குறைவாக இருக்கணும் என்கின்றன. உங்கள் இணைப்புக்கு எது பொருந்தும் என்பதை மின்வாரிய அலுவலகத்தில் கேட்டுக்கோங்க.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 குதிரைத்திறன் பம்ப் ஒன்று, மணிக்கு சுமார் 30 யூனிட். மாலை உச்சநேரத்தில் 4 மணி நேரம் ஓடினா 120 யூனிட். யூனிட் 7 ரூபாய்னு வெச்சுக்குவோம். உச்சநேரக் கூடுதலோடு 1,050 ரூபாய். அதே வேலையை இரவு 10 மணிக்கு மேல் தள்ளினால் 798 ரூபாய். ஒரு நாளைக்கு 252, மாசம் 25 நாளைக்கு 6,300 ரூபாய் மிச்சம்!

ஆனா எல்லா மெஷினையும் இப்படித் தள்ளிப்போட முடியாது. நூற்பாலையில் ரிங் ஃபிரேமை நிறுத்தி நிறுத்தி ஓட்டினால் இழை அறுந்து நூல் வீணாகும். அதைத் தொடவே தொடாதீங்க. தொட்டியில் தண்ணீர் ஏற்றுவது, குளிர்பதனக் கிடங்கை முன்கூட்டியே நன்றாகக் குளிர வைப்பது, சாயப்பட்டறைக் கழிவுநீரைத் தொட்டியில் தேக்கிப் பிறகு சுத்திகரிப்பது, இதெல்லாம் பொறுத்துக்கும். ஃபவுண்டரியில் இன்டக்‌ஷன் ஃபர்னஸ் உருக்கும் நேரத்தை மாற்றலாம். உருகிய இரும்பைக் காக்க வைத்தால் அதற்கும் கரண்ட் ஆகும் என்பதால், மோல்டு தயாரான பிறகே உருக்கணும்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. ஒரே நேரத்தில் எல்லா மோட்டாரையும் போட்டுவிட்டால் மேக்சிமம் டிமாண்ட் எகிறிவிடும். ஒப்பந்த அளவைத் தாண்டினால் கூடுதல் கட்டணம் வரும். மிச்சம் பிடிச்சது அதிலேயே போயிடும். அதனால் ஒன்றன் பின் ஒன்றாகப் போடுங்க.

இன்னொன்று, ரசீதில் வராத செலவு. வேலையை இரவுக்கு மாத்தினா ஆள்களும் இரவில்தான் வரணும். தூக்கம் கெடும், பஸ் கிடைக்காது, பெண் தொழிலாளர்களுக்குப் பாதுகாப்பும் வேணும். கட்டணத்தைப் பார்த்து ஷிப்டை மாற்றும் முன் அவங்ககிட்ட உட்கார்ந்து பேசுங்க. என்னைக் கேட்டால், ஆள் தேவைப்படாத பம்ப், கம்ப்ரசர், டைமர் பொருத்தக்கூடிய மோட்டார்களை முதலில் மாற்றிப் பார்க்கலாம். இரண்டு மாத ரசீதைப் பக்கத்தில் பக்கத்தில் வெச்சுப் பாருங்க. உச்சநேர யூனிட் தனியாகவே போட்டிருக்கும்.