எடை குறைந்த அண்டா, மெலிந்த பிளேஸ்டேஷன்: எதை வாங்கலாம்?

அனுப்பர்பாளையத்தில் பித்தளை அண்டா வாங்கப் போகிறவர்கள், ஒரே அளவில் கனத்ததும் லேசானதுமாக இரண்டை எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். வாய் அகலம், உயரம், மெருகு எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். தூக்கினால்தான் தகட்டின் கனம் தெரியும். பித்தளைக்கு எடை போட்டுத்தான் விலை என்பதால் லேசானது மலிவு.

எதைக் குறைத்து விலையைக் குறைத்தார்கள் என்று முதலில் கேளுங்கள். பித்தளைப் பாத்திரத்தின் விலையில் பெரும்பங்கு உலோகத்துக்கே போகிறது. செம்பு விலை ஏறினால் பித்தளையும் ஏறும். அப்போது பட்டறைக்காரருக்கு இருக்கும் சுலபமான வழி, தகட்டை மெலிதாக்குவது. சீர்வரிசையில் அடுக்கும்போது பார்க்கிறவர் கண்ணுக்கு அளவு தெரியும், எடை தெரியாது. அதனால் லேசான பாத்திரமும் நன்றாகவே விற்கிறது.

பிள்ளைகள் கேட்கும் பிளேஸ்டேஷன் கதை வேறு. 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2, 2004இல் மெலிந்து வந்தது. தனித்தனியாக இருந்த இரண்டு முக்கியச் சிப்புகள் மெலிந்த பதிப்புகளில் ஒன்றாகின. சிப் சிறுத்தால் மின்சாரம் குறைவாக இழுக்கும், சூடு குறையும், சிறிய விசிறி போதும். பெட்டி சிறுப்பதால் கப்பல் கூலியும் மிச்சம். விளையாட்டின் தரத்தில் குறைவில்லை. 2009இல் வந்த மெலிந்த பிளேஸ்டேஷன் 3இன் விலை 299 டாலர். 2006இல் முதலில் வந்தபோது 499 டாலரிலிருந்து தொடங்கியது. ஆனாலும் ஏதாவது ஒன்று காணாமல் போகும். 2004இல் ஹார்ட் டிஸ்க் வைக்கும் இடம் போனது. 2016இன் மெலிந்த பிளேஸ்டேஷன் 4இல் ஆப்டிகல் ஆடியோ துளை போனது. காணாமல் போனது உங்களுக்குத் தேவைப்படாது என்றால் மெலிந்ததையே வாங்குங்கள்.

பாத்திரத்தில் அப்படிக் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. அடுப்பில் ஏற்றுவதற்குக் கனமானதுதான் சரி. லேசான அடி சீக்கிரம் பிடிக்கும், கீழே விழுந்தால் ஒடுங்கும். பழசைப் போடும்போதும் எடைக்குத்தான் காசு. தண்ணீர் ஊற்றி வைக்கவும் அரிசி கொட்டி வைக்கவும் லேசானதே போதும். வயதானவர்கள் தூக்கவும் சுலபம்.

கடையில் இரண்டையும் தராசில் வையுங்கள். பக்கச் சுவரைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். உள்வாங்கினால் தகடு மெலிது. விளிம்பில் காந்தம் வைத்துப் பாருங்கள். பித்தளையில் காந்தம் ஒட்டாது. ஒட்டினால் சுருட்டிய விளிம்புக்குள் இரும்புக் கம்பி இருக்கிறது, அதற்கும் பித்தளை விலை கொடுக்கிறீர்கள்.

எவர்சில்வரில் எடை குறையாமலே விலை குறையும். 304 ரகத்தில் நிக்கல் சுமார் 8 சதவீதம். 202 ரகத்தில் அதைக் குறைத்து மாங்கனீசு சேர்ப்பார்கள். உப்பும் புளிப்பும் பட்டால் 202 சீக்கிரம் கறைபடும். இங்கே காந்தம் உதவாது, இரண்டிலும் பெரும்பாலும் ஒட்டாது. புளிக்குழம்புப் பாத்திரம் வாங்கும்போது 304 என்று பில்லில் எழுதித் தரச் சொல்லி வாங்குங்கள்.