கச்சான் ஓயும் முன் கேசிங்கைத் திறவுங்கள்

பருவகால ஆலோசனை: செப்டெம்பர் – ஒக்டோபர்
குறிஞ்சாக்கேணி, கிண்ணியாச் சுற்றுப்புறம்

கச்சான் காற்று தணிந்து மாரி பிடிப்பதற்கு இடைப்பட்ட இந்தச் சில வாரங்களில், வீட்டில் மேசைக் கணினி வைத்திருப்போர் செய்து முடிக்க வேண்டிய வேலை ஒன்று உண்டு. கேசிங்கைத் திறந்து துப்புரவாக்குங்கள். வலை போட்ட ஒரு முன்வாசல் வழியாக மட்டும் காற்று உள்ளே போகும்படி பெட்டியை மாற்றியமையுங்கள். தேவையற்ற ஓட்டைகளை அடைத்துவிடுங்கள். பெரும் செலவில்லை, இரண்டு 120 மில்லிமீற்றர் ஃபேன், ஒரு முழம் வலை, ஒரு தகரப் பெயின்ட் போதும். இதை மழைக்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போடுவதுதான் வழமை. அந்தத் தாமதமே நம் ஊர்க் கணினிகளைக் கொல்கிறது. திருகோணமலைக்கு ஆண்டில் பெய்யும் மழையில் பாதிக்கும் மேல் ஒக்டோபர் முதல் டிசம்பர் வரையான மூன்று மாதங்களில் கொட்டிவிடுகிறது. அதற்கு முந்திய மாதங்களில் பெட்டிக்குள் சேர்ந்த தூசு, மழை தொடங்கியதும் வேறொரு பொருளாக மாறுகிறது.

அது எப்படி மாறுகிறது என்பதை விளங்கிக்கொண்டால் அவசரம் தானாக விளங்கும். குறிஞ்சாக்கேணி களப்பை ஒட்டிய ஊர். ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா. இங்கே காற்றில் மிதப்பது வெறும் மண்தூசு அல்ல; கடலுப்பும் அதில் கலந்திருக்கிறது. கறியுப்பான சோடியம் குளோரைட்டுக்கு ஓர் இயல்பு உண்டு. காற்றின் ஈரப்பதன் ஏறத்தாழ 75 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை அது உலர்ந்த பளிங்காகவே கிடக்கும். அந்த எல்லை தாண்டியதும் காற்றிலிருந்தே நீரை இழுத்துக் கரைந்து உப்புநீராகிவிடும். உப்புநீர் மின்சாரத்தைக் கடத்தும், செம்பையும் ஈயப்பற்றையும் அரிக்கும். கச்சான் மாதங்களின் வறண்ட பகலில் மதர்போர்டின் மேல் படிந்திருக்கும் சாம்பல்நிறப் படலம் அநேகமாக ஒன்றும் செய்வதில்லை. அதே படலம் நவம்பர் மழையில், கணினி அணைந்து குளிர்ந்து கிடக்கும் இரவில், நனைந்து மெல்லிய கடத்தியாகிறது. காலையில் சுவிட்சைப் போட்டால் சிலவேளை எழும்பும், சிலவேளை எழும்பாது. ‘மாரிக்குக் கணினி பழுதாகும்’ என்று நாம் சொல்லும் பழுதில் பெரும்பங்கு கச்சானிலேயே உள்ளே போய்விட்டது.

இனி வெப்பத்தின் கணக்கு. நம் வீடுகளில் இருப்பவற்றில் பல, அலுவலகங்கள் கழித்த பழைய பெட்டிகள் அல்லது பத்துப் பதினைந்து ஆண்டுக்கு முன் பொருத்தியவை. அவற்றின் முன்முகத்தைக் கழற்றிப் பாருங்கள். பளபளப்பான பிளாஸ்டிக் முகத்துக்குப் பின்னால் தகரம். அதில் சல்லடைபோல் குத்திய சின்னஞ்சிறு துளைகள். துளைகளுக்கு நடுவே மிஞ்சிய தகரமே காற்றை மறிக்கப் போதுமானது. பிளாஸ்டிக் முகத்தின் அடியில் ஒரு விரல் நுழையும் அகலத்தில் நீண்ட பிளவு ஒன்று இருக்கும், அதன் ஓரங்களில் தூசு மயிர்க்கம்பளம்போல் திரண்டிருக்கும். முழுக் கணினியும் மூச்சுவிடுவது அதன் வழியாகத்தான். 100 வாட் வெப்பத்தை வெளியேற்றி, பெட்டிக்குள் உள்ள காற்றை அறைக் காற்றைவிட 10 பாகைக்கு மேல் சூடாகாமல் வைத்திருக்க மணிக்கு ஏறக்குறைய 30 கனமீற்றர் காற்று ஓட வேண்டும்; 5 பாகைக்குள் நிறுத்த 60 கனமீற்றர். பகலில் 34, 35 பாகை தொடும் அறையில் இந்த 5 பாகை வித்தியாசம் சிறியதன்று. மின்தேக்கிகளின் வெப்பம் 10 பாகை கூடினால் அவற்றின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது மின்னணுத் துறையில் எல்லாரும் கைக்கொள்ளும் கணிப்பு. இன்டெல் புரொசெசர்கள் பலவும் 100 பாகையை நெருங்கும்போது தம் வேகத்தைத் தாமே குறைத்துக்கொள்ளும். கணினி ‘பழசாகி மந்தமாகிவிட்டது’ என்று தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கேசிங்கை வெட்டி மாற்றுவது என்றதும் கண்ணாடிப் பக்கங்களும் வண்ண விளக்குகளும் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கலை காற்றுக்காகவே பிறந்தது. 1998இல் வந்த 300 மெகாஹேர்ட்ஸ் செலரோன் 300ஏ புரொசெசரை 450க்கு ஏற்றி ஓட்டிய இளைஞர்கள், அதன் வெப்பத்தை வெளியேற்றப் பெட்டியின் கூரையில் துளை போட்டு ஃபேன் பூட்டினார்கள். அலங்காரம் அதன்பின் வளர்ந்தது. அழகில் குற்றமில்லை, ஆசைப்படும் பிள்ளையைத் தடுக்கவும் வேண்டாம். குறைந்த பணம் கையில் இருக்கும்போது முதல் ரூபாய் காற்றுக்கும் வலைக்கும் போகட்டும் என்பதே இந்த ஆலோசனை. விளக்கு அடுத்த ஆண்டுக்கும் காத்திருக்கும்.

பலருக்குத் தகரத்தை வெட்டவே தேவைப்படாது. பழைய பெட்டிகளின் முன்புறத்தில் சிடி டிரைவ் பூட்டும் அறைகள் ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டோ மூன்றோ இருக்கும். ஒவ்வொன்றின் உயரமும் ஏறத்தாழ 41 மில்லிமீற்றர். மூன்றையும் சேர்த்தால் 120 மில்லிமீற்றர் ஃபேன் ஒன்று அளவெடுத்ததுபோல் உட்காரும். பிளாஸ்டிக் மூடிகளைக் கழற்றுங்கள். பின்னால் உள்ள தகரத் துண்டுகளைக் குறட்டால் முன்னும் பின்னும் ஆட்டினால் முறிந்து வந்துவிடும். ஃபேனை உள்ளே வைத்து இரு பக்கமும் சிறு தகரப் பட்டியாலோ பிளாஸ்டிக் கட்டுநாடாவாலோ இறுக்குங்கள். அம்புக்குறி இருந்தால் அது பெட்டிக்குள் காட்டட்டும். குறி இல்லையென்றால், இதழ்கள் திறந்து தெரியும் முகம் காற்றை இழுக்கும், குறுக்குத் தாங்கிகள் உள்ள முகம் காற்றைத் தள்ளும் என்பதை வைத்துத் திசையை முடிவுசெய்யலாம். 80 மில்லிமீற்றர் ஃபேனோடு ஒப்பிட்டால் 120 மில்லிமீற்றர் ஃபேனின் வட்டம் இரண்டேகால் மடங்கு பரப்புடையது. ஆகவே மெதுவாகச் சுழன்றே அதே காற்றைத் தரும், இரைச்சலும் குறையும்.

அப்படி மூன்று அறைகள் இல்லாதவர்கள் முன் தகரத்தை வெட்டத்தான் வேண்டும். முதலில் மதர்போர்ட், ஹாட் டிஸ்க், பவர் சப்ளை எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுங்கள். ‘துணி போட்டு மூடிக்கொண்டு வெட்டலாம்’ என்பது ஆபத்தான சோம்பல்; ஓர் இரும்புத்தூள் மதர்போர்டின் சிப் ஒன்றின் இரண்டு கால்களுக்கு நடுவே விழுந்தால் போதும். ஏறக்குறைய 115 மில்லிமீற்றர் விட்டத்தில் வட்டம் வரையுங்கள். திருகாணித் துளைகள் ஒன்றுக்கொன்று 105 மில்லிமீற்றர் தள்ளி அமைய வேண்டும். வட்டவாள் இல்லாதவர்கள் கோட்டின் உட்புறம் நெருக்கமாகச் சிறு துளைகள் போட்டு, இடைத்தகரத்தை வெட்டுக்குறட்டால் நறுக்கி, அரத்தால் ராவி எடுக்கலாம். கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். வெட்டிய விளிம்பை அப்படியே விடாதீர்கள். நம் உப்புக்காற்றில் பச்சைத் தகரம் விரைவில் துருப்பிடிக்கும், துருத்தூள் உள்ளேயே உதிரும். அரத்தாள் தேய்த்து, துருத்தடுப்புப் பூச்சு ஒன்றும் அதன்மேல் பெயின்டும் அடியுங்கள். பவர் சப்ளையும் மதர்போர்டும் தகரத்தைத் தொடும் இடங்களில் மட்டும் பூச்சு வேண்டாம்; பெட்டியின் எர்த் தொடர்பு அவற்றின் வழியாகத்தான். பெயின்ட் வேலைக்கும் இதுதான் காலம். மாரி ஈரத்தில் ஸ்ப்ரே பெயின்ட் வெளிறும், ஒட்டிக்கொண்டே கிடக்கும். காற்று எழும் முன் காலையில் நிழலில் அடித்தால் தூசும் படியாது.

முன்வாசல் திறந்ததும் வலை வர வேண்டும். நுளம்பு வலை பூச்சியையும் பஞ்சையும் தலைமயிரையும் மறிக்கும், நுண்தூசை மறிக்காது. அதற்குப் பழைய நைலோன் காலுறைத் துணியை ஒரே மடிப்பாக இழுத்துக் கட்டுங்கள். தடித்த பஞ்சு வைத்தால் காற்றே வராது. வலையைக் கழற்றிக் கழுவும்படி பூட்டுவது முக்கியம். கழற்ற முடியாத வலை இரண்டு மாதத்தில் சுவராகிவிடும். அடுத்தது அழுத்தம். உள்ளே தள்ளும் காற்று வெளியே இழுக்கும் காற்றைவிடக் கூடுதலாக இருந்தால், மூடாமல் தவறிய இடுக்குகள் வழியாகக் காற்று வெளியேறும். தூசு அவற்றின் வழியே நுழையாது. ஆகவே முன்னால் இரண்டு ஃபேன், பின்னால் ஒன்று என்று வையுங்கள். இருப்பதே இரண்டென்றால் பின் ஃபேனை மெதுவாக ஓட விடுங்கள். சரிபார்ப்பது எளிது: கணினியை ஓட விட்டு ஓர் ஊதுபத்தியை இடுக்குகளின் அருகே பிடியுங்கள். புகை விலகி ஓடினால் நல்லது, உள்ளே இழுபட்டால் வலை அடைத்திருக்கிறது அல்லது முன் ஃபேன் போதவில்லை. பின்புறம் கார்ட் பூட்டும் இடங்களில் மூடி தொலைந்த பிளவுகளைத் தகரத்தாலோ நாடாவாலோ அடையுங்கள். மழைக்குச் சூடான இடம் தேடும் எறும்பும் பல்லியும் அவற்றின் வழியாகத்தான் வருகின்றன.

இத்தனை பாடு எதற்கு, பக்கத் தகரத்தைக் கழற்றிவிட்டு மேசை ஃபேனைத் திருப்பி வைத்தால் முடிந்ததே என்று கேட்பவர்கள் உண்டு. வெப்பம் குறையும் என்பது உண்மைதான். ஆனால் வடிகட்டாத உப்புத்தூசை முழு வேகத்தில் மதர்போர்டின் மேல் வீசுவதும் அதுதான். குறைந்த வெப்பத்தை வாங்கி மாரிக்குரிய அரிப்பை விலையாகக் கொடுக்கிறோம். சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் திறந்த பெட்டி வேறு ஆபத்து. இன்னொரு கேள்வி: புதுக் கேசிங் ஒன்றே வாங்கிவிடலாமே? வசதி உள்ளவர்கள் வாங்கலாம். முன்முகம் முழுதும் வலையாக உள்ளதைத் தேர்ந்தால் வெட்டும் வேலை மிச்சம். ஆனால் 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாய் அளவில் நின்ற டொலர் மே மாதத்துக்குள் 350ஐத் தாண்டியதன் பிறகு, இறக்குமதிப் பொருட்கள் பலவும் பழைய விலைக்குத் திரும்பவில்லை. மேலும் டெல், எச்.பி. போன்ற அலுவலகப் பெட்டிகளின் மதர்போர்டும் முன்சுவிட்ச் வயர்களும் பல வேளை வேறு கேசிங்கில் பொருந்தா. அத்தகைய பெட்டியில் அதற்கே உரிய ஃபேனையும் பிளாஸ்டிக் காற்றுக்கூண்டையும் அகற்றாதீர்கள். ஃபேனை அகற்றினால் தொடக்கத்திலேயே பிழை காட்டி நிற்கலாம். முன்னால் ஒரு ஃபேனும் வலையும் சேர்த்தால் போதும். உத்தரவாதக் காலம் முடியாத கணினியை மட்டும் வெட்டவே வேண்டாம். துப்புரவும் வலையுமே அதற்குப் போதுமானவை.

கரன்ட் பில் கூடும் என்ற பயமும் நியாயமானதே. 12 வோல்ட்டில் 0.2 ஆம்பியர் எடுக்கும் ஃபேன் 2.4 வாட் தின்னும். நாளுக்கு எட்டு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு அரை அலகுக்குச் சற்றே மேல். கணினியைக் காக்க இது பெரிய செலவன்று. உண்மையில் பயப்பட வேண்டியது வேறிடத்தில் இருக்கிறது. பவர் சப்ளைப் பெட்டியை ஒருபோதும் திறக்காதீர்கள். உள்ளே உள்ள மின்தேக்கியில் 300 வோல்ட்டுக்கு மேல் ஏறியிருக்கும். பிளக்கைக் கழற்றிய பிறகும் அது தங்கியிருக்கலாம். தகரத்தைத் தொட்டால் சுள்ளென்று கூசுகிறதென்றால் எர்த் இல்லை என்று பொருள். இரண்டு முனைப் பிளக்கை விட்டு, எர்த் உள்ள மூன்று முனைப் பிளக்குக்கு மாறுங்கள். ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதன் சோதனைப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஒக்டோபர், நவம்பர் இடிமின்னல் மாதங்கள். வானம் இருண்டால் மின் இணைப்பையும் ரவுட்டர் வயரையும் சேர்த்தே கழற்றுங்கள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு வந்த வெள்ளத்தை இந்த மாவட்டம் மறக்கவில்லை. கேசிங் தரையில் இருந்தால் இன்றே மேசைக்கு ஏற்றுங்கள்.

வேலையின் ஒழுங்கு இதுதான். இந்த வாரம் திறந்து மென்தூரிகையால் துடையுங்கள். அப்போது ஃபேன் இதழைக் கையால் பிடித்துக்கொள்ளுங்கள். ரயர் கடைக் காற்று வேண்டாம், அதில் நீரும் எண்ணெயும் கலந்து வரும். புரொசெசர் பசை காய்ந்திருந்தால் மாற்றுங்கள். அடுத்த வாரம் வெட்டும் வேலையும் பெயின்டும். அதற்கடுத்த வாரம் வலையும் ஊதுபத்திச் சோதனையும். மாரி பிடித்த பிறகு, கணினியை நாட்கணக்கில் அணைத்து வைக்காமல் தினமும் சிறிது நேரம் ஓட விடுங்கள். உள்வெப்பம் ஈரத்தை விரட்டும். மாதம் ஒருமுறை வலையைக் கழுவிக் காயவைத்துப் பூட்டுங்கள். வீட்டில் உயர்தரம் படிக்கும் பிள்ளை இருந்தால் இந்த வேலையைப் பெரியவர் ஒருவரின் கண்காணிப்பில் அந்தப் பிள்ளையிடமே கொடுங்கள். தன் கையால் காற்று வழி அமைத்த கணினியை அந்தப் பிள்ளை கவனமாகவே வைத்திருக்கும். முதல் மழைக்கு முன் முடித்துவிடுங்கள்.