மதுவும் மதியும்

சிகாலோவாத சூத்திரம் குடியினால் வரும் கேடுகளை ஆறாக வகுக்கின்றது. பொருளழிவு முதலாவது, அறிவு நலிதல் ஆறாவது. ஆறாவதற்கு மருத்துவமும் சான்று பகர்கின்றது.

1887-இல் ருஷ்ய மருத்துவர் கோர்சகாவ் நெடுங்காலக் குடியரிடம் கண்ட நினைவுக் கேட்டை விளக்கினார். பழையவை ஓரளவு நினைவிருக்கும். சற்றுமுன் கேட்டது நில்லாது. அக்குறையைப் பொய்யென்றறியாமலே கற்பனையால் நிரப்புவர். தயமின் என்னும் பி1 உயிர்ச்சத்துக் குறைவே இதற்கு மூலம்: குடியர் உணவைக் குறைப்பர், உண்டதிலுள்ள அச்சத்தைக் குடல் ஏற்பதையும் மது தடுக்கும்.

பாலிமொழியில் ‘சதி’ என்னும் சொல் நினைவு, விழிப்பு இரண்டையும் குறிக்கும். நினைவு அழிந்தால் சீலம் காப்பது எங்ஙனம்?

ஆயினும் குடியரை இகழ்ந்து ஒதுக்கலாகாது. காலத்தே குடியை விட்டுத் தயமினும் பெற்றால் அறிவு ஓரளவேனும் மீளக்கூடும். திடீரென நிறுத்தல் சிலருக்கு உயிராபத்து. மருத்துவர் துணையுடன் நிறுத்தச் செய்வதே கருணை.