பக்கத் தொழில் பிரதான தொழிலான கதை

கண்டி நகரில் கார்கில்ஸ் பெயர்ப் பலகையைக் காணாதவர் இருக்க முடியாது. அரிசி, பருப்பு, பால்மா வாங்கும் அந்தக் கடையின் பெயருக்கும், உலகின் பெரும் எண்ணெய்க் கம்பெனிகளுள் ஒன்றான பி.பி.க்கும் உறவு உண்டு என்றால் நம்புவீர்களா?

கார்கில்ஸ், 1844இல் இலங்கையில் தொடங்கிய வியாபாரம். அதற்குத் தம் பெயரைத் தந்த ஸ்கொட்லாந்துக்காரர் டேவிட் சைம் கார்கில் கடையோடு நின்றுவிடவில்லை. பர்மாவின் எண்ணெயிலும் முதலிட்டு, 1886இல் பர்மா ஒயில் கம்பெனியை நிறுவினார். அவர் மறைந்த பின்னர், அந்தக் கம்பெனி பாரசீகத்தில் எண்ணெய் தேடுவதற்குப் பணம் கொடுத்தது. 1908இல் எண்ணெய் கிடைத்தது. மறு ஆண்டு அதற்கென உருவான கம்பெனியே இன்றைய பி.பி.

பெரிய நிறுவனங்கள் தொடர்பில்லாத தொழில்களில் இறங்குவது ஏன்? மூன்று காரணங்களைப் பார்ப்போம்.

முதலாவது, பிரதான பொருளின் விற்பனையைப் பெருக்குவது. பிரான்ஸின் மிச்செலின் டயர் கம்பெனி 1900இல் பயண வழிகாட்டி நூல் ஒன்றை இலவசமாக வழங்கியது. மக்கள் தூர இடங்களுக்குப் போனால்தானே டயர் தேயும்! இன்று அந்த நூல் தரும் நட்சத்திரத்துக்காக உலகின் சிறந்த சமையற்காரர்கள் ஏங்குகிறார்கள்.

இரண்டாவது, கையிலிருக்கும் வசதியை வேறு வழியிலும் பயன்படுத்துவது. நாம் விரும்பும் எலிபன்ட் ஹவுஸ் ஐஸ்கிரீமின் வரலாறு, 1866இல் கொழும்பில் ஐஸ் கட்டி தயாரித்த கம்பெனியிலிருந்து தொடங்குகிறது. குளிரூட்டத் தெரிந்தவர்களுக்குக் குளிர்பானமும் ஐஸ்கிரீமும் எட்டாத தொழில்களா?

மூன்றாவது, ஆபத்துக்கு ஒரு மாற்று வழி. இதற்குச் சான்று நமது கண்டி மாவட்டத்திலேயே இருக்கிறது. லூல்கந்துர தோட்டத்தின் பிரதான பயிர் கோப்பி. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் அங்கே 19 ஏக்கரில் மட்டும் தேயிலை பயிரிட்டார். கோப்பியை அவர் பிடுங்கி எறியவில்லை. பக்கத்தில் ஒரு பரீட்சை செய்து பார்த்தார். இரண்டே ஆண்டுகளில், 1869இல், கோப்பிச் செடிகளில் இலைத்துரு நோய் தோன்றியது. கோப்பியை மட்டுமே நம்பியிருந்த துரைமார் பலர் கடனில் மூழ்கினர். 1884இல் ஓரியண்டல் வங்கியும் வீழ்ந்தது. அப்போது மலைநாட்டைத் தாங்கியது அந்தப் பரீட்சைப் பயிர்தான். டெய்லர் 1892இல் காலமாகி, கண்டி மஹியாவ மயானத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்துக்குச் செல்லும்போது இந்த 19 ஏக்கரை நினைத்துப் பாருங்கள்.

சகோதரிகளே, இது கம்பெனிகளுக்கு மட்டுமான பாடமன்று. ஒரே சம்பளத்தில், ஒரே கடையில் நடக்கும் குடும்பங்கள் நம்மிடையே பல. அந்த ஒன்று சாய்ந்தால் வீடே சாய்ந்துவிடும். மகள் தைக்கும் உடுப்பையும், உம்மா செய்யும் பலகாரத்தையும் பொழுதுபோக்கென்று ஒதுக்கலாமா? அதே வேளை, கடன் பட்டு, இருக்கும் தொழிலை விட்டுப் புதியதில் குதிப்பதும் டெய்லர் சென்ற வழியன்று.

புதிதாக ஒன்றைத் தொடங்குமுன் வீட்டாரோடு அமர்ந்து மூன்று கேள்விகள் கேளுங்கள். இது நமது தொழிலுக்குத் துணையாகுமா? நம்மிடம் உள்ள திறமையோ வசதியோ இதற்கு உதவுமா? தோற்றாலும் நாம் தாங்கும் அளவில் இது இருக்கிறதா? மூன்றாம் கேள்விக்கு ‘ஆம்’ என்ற பதில் கிடைத்த பின்பே முதல் ரூபாவைச் செலவிடுங்கள்.